ஒடுங்கிய நிலத்தில் விரிந்த தோட்டம்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றிற்கு வாய்த்திருப்பது, வீட்டையொட்டி நீளமாகக் கிடக்கும் ஒடுங்கிய நிலத்துண்டேயாகும். ஒருபுறம் இஸ்தோப்பு, மறுபுறம் கான், பின்னே மண்மேடு. 2015ஆம் ஆண்டிற்குப் பின் தனி வீடு பெற்றோர்க்கு 7 பேர்ச் காணி ஒதுக்கப்பட்டது. ஒரு பேர்ச் 272¼ சதுர அடியாதலின், அது ஏறத்தாழ 1,900 சதுர அடியாகும். வீட்டிற்கும் வழிக்கும் உரிய இடத்தை நீக்கினால் எஞ்சுவது சிறு துண்டே.

மேட்டை வெட்டலாகாது

இடம் போதாதெனக் கருதிச் சிலர் பின்புற மேட்டின் அடியை வெட்டி முற்றத்தை அகலமாக்குவர். இது பெருந்தீங்கு விளைக்கும். மேட்டின் அடிமண்ணே மேலுள்ள மண்ணைத் தாங்கி நிற்பது. அதனை அகற்றியபின் மழைநீர் உட்புகுந்தால், மண் கனத்துச் சரிந்து விழும். 2016 மே மாதப் பெருமழையின்போது அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து பல உயிர்கள் மடிந்தமையைக் கேகாலை மக்கள் மறவார். நிலத்தில் வெடிப்புத் தோன்றினாலும், மரங்கள் சாய்ந்தாலும், புதிய ஊற்றுக் கலங்கிப் பாய்ந்தாலும் தோட்டவேலையை நிறுத்தி, உடனே அவ்விடத்தை விட்டு நீங்குதல் வேண்டும்.

ஆதலின் அகலத்தை மண்வெட்டியால் தேடாது, அமைப்பினால் தேடுவதே அறிவுடைமை.

வழியும் நடுவிடமும்

வாயிலிலிருந்து கடைசி வரை நேர்வழி அமைத்தால், கண் ஒரே ஓட்டத்தில் எல்லையைச் சேர்ந்துவிடும். நிலம் நடைகூடம் போல் ஒடுங்கித் தோன்றும். அதற்கு மாறாக, 2 அடி அகல வழியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குச் சாய்வாகத் திருப்புக. நீளவாட்டத்தில் ஒரே பாத்தி அமையாமல், குறுக்காகச் சிறு பாத்திகள் அமைக. சரிவான நிலத்தில் மட்டும் சமவுயரக் கோட்டின் வழியே பாத்தி இடுதல் இன்றியமையாதது. அங்கே அழகினும் மண்காப்பே முதன்மை. பாத்தியின் அகலம் 3 அடிக்கு மேற்படாதிருப்பின், உள்ளே மிதியாது களை பிடுங்கலாம். நடுவில் ஒரு பாயளவு இடத்தை வெறுமையாக விடுக. அவ்வெற்றிடமே தோட்டத்திற்கு விரிவைத் தருவது. துணி உலர்த்தவும் அமரவும் அதுவே உதவும்.

தாழ்ந்தது முன்னே, உயர்ந்தது ஓரத்தில்

வீட்டருகே பொன்னாங்காணி, வல்லாரை போன்ற தாழ்ந்த கீரைகளை இடுக. அடுத்துக் கத்தரி, மிளகாய், வெண்டி. ஓரத்தில் பந்தலிட்டுப் பயற்றை, பாகல், புடோல் ஆகியவற்றை ஏற்றுக. கொடி மேலே செல்லுமாயின் கீழ்நிலம் மிஞ்சும். நிலத்தின் பாதித் தொலைவில் ஒரு சிறு பந்தலை ஒரு பக்கமாக நிறுத்தினால், அதற்கப்பாலும் தோட்டம் தொடர்வதாகத் தோன்றும். அகன்ற இலைச் செடிகளை அருகிலும், முருங்கை, கறிவேப்பிலை முதலிய நுண்ணிலை மரங்களைத் தொலைவிலும் நடுதல் ஆழத்தைக் கூட்டும். ஆயினும் காய்கறிகளுக்கு வெயில் மறையலாகாது. நிழல் விழுமிடத்தில் ரம்பையை நடலாம்.

வேலி

தகரவேலி கண்ணைத் தடுத்து நிலத்தைச் சுருக்கும். கிளிசிரிடியாக் கம்புகளை நட்டு உயிர்வேலியாக்கி, மார்பளவில் கத்தரித்து வருக. வெட்டிய தழை பாத்திக்குச் சிறந்த பசளையாகும். ஜப்பானின் கியோத்தோ நகரிலுள்ள எந்த்சூஜிக் கோயிலில், வேலிக்கு மேலே தெரியும் ஹியெய் மலையையே தோட்டத்தின் பகுதியாக்கி வைத்துள்ளனர். சிவனொளிபாதமலையோ பள்ளத்து வயலோ தெரியும் திசையில் நம்மவரும் வேலியைத் தாழ்த்திவிடலாம். அயல்வீட்டாரோடு இசைந்து எல்லையில் ஒரே பந்தலை அமைத்தால், இரு நிலமும் ஒன்றாய் விரியும். காயும் இரு வீட்டிற்கும் ஆகும்.

நீரும் மண்ணும்

இப்பகுதியில் பெருமழை பெய்வதால், கானின்மேல் பாத்தி அமைத்தலும் களையைக் கானுள் கொட்டுதலும் ஆகா. பாத்தியைக் கானிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அமைக்க. மேட்டுச்சரிவைக் கொத்தாது புல் மூடியவாறே விடுக. பாத்திகளை வயலின் வைக்கோலால் மூடினால், மழைத்துளி மண்ணைக் கரைக்காது. ஈரவலய மண் பெரும்பாலும் புளிப்புடையது. மண்ணைச் சோதித்தபின் தேவையான அளவு டொலமைற்று இடுக. பேணிகளிலும் சிரட்டைகளிலும் நீர் தேங்க விடாதீர். டெங்கு நுளம்பு அங்கேதான் பெருகும்.

மேடு அசையாது நிற்க, கான் தடையின்றி ஓட, நடுவிடம் வெறுமையாய் இருக்க, கொடிகள் மேலேறுமாயின், 10 அடி அகல நிலமும் ஒடுக்கமாகத் தோன்றாது. நிலத்தின் சரிவுக்கேற்ற அமைப்பைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து, மழைக்கு முன்னரே வேலையைத் தொடங்குதல் நன்று.