மகாநாட்டில் கேள்வி நேரம்

தமிழ்நாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் மகாநாடுகளுக்குப் பஞ்சம் வந்ததில்லை. அவற்றுள் விஞ்ஞான சங்கங்களின் வருஷாந்தக் கூட்டங்களும், அவற்றை ஒட்டி மாணவர்களுக்கென்று நடைபெறும் ஆராய்ச்சி மகாநாடுகளும் ஒரு தனி ரகம். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களைச் சுற்றிக் கல்லூரிகள் பெருகிய பிறகு, இத்தகைய கூட்டங்களுக்குத் தங்கள் பெண்ணையோ பிள்ளையையோ அனுப்பிவைக்கும் குடும்பங்கள் அப்பகுதியில் பல உண்டு. பெற்றோரும் கூடச் சென்று பின்வரிசையில் அமர்ந்திருப்பார்கள்.

நாமும் சில கூட்டங்களில் அவ்வாறு அமர்ந்திருக்கிறோம். காலை 10 மணிக்கு என்று அழைப்பிதழில் கண்டது, பிரதம விருந்தினரின் மோட்டார் வந்து சேர்ந்த பிறகே ஆரம்பமாகும். குத்துவிளக்கு ஏற்றுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், படம் சரியாக விழவில்லை என்று மறுமுறையும் போர்த்துவார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் முடிந்து, ஆறு மாதம் பாடுபட்டுக் கட்டுரை தயாரித்து வந்த மாணவி மேடையேறும்போது, “நேரமாகிவிட்டது, அம்மா. மூன்று நிமிஷத்தில் முடித்துக்கொள்” என்பார் காரியதரிசி. அவளும் படபடவென்று ஒப்பித்து முடிப்பாள். கரகோஷம், சான்றிதழ், பிறகு சாம்பார் சாதம். அவளை யாராவது ஒரு கேள்வி கேட்டார்களா? அதற்கு நேரம் ஏது!

சாம்பார் சாதத்தின்மீது நமக்கு விரோதம் இல்லை. ஆனால் கேள்வி இல்லாத விஞ்ஞானக் கூட்டம் மணமகன் இல்லாத கல்யாணம் போன்றது. நம் நாட்டில் இச்சங்கங்கள் தோன்றிய வரலாற்றைப் பார்த்தாலே இது விளங்கும். 1907-ஆம் வருஷத்தில் இந்தியக் கணித சங்கத்தைத் தொடங்கிய வி. ராமசுவாமி ஐயர் ஒரு டிப்டி கலெக்டர். உத்தியோகம் போக எஞ்சிய நேரத்தில் கணக்குப் போடுவதில் ஆசை கொண்டவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். அச்சங்கத்தின் பத்திரிகையில், வாசகர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு பகுதி இருந்தது. 1911-இல் அதில் ஒரு கேள்வி வந்தது. வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையின் மதிப்பு என்ன? ஆறு மாதம் வரை விடை அனுப்புவார் இல்லை. கடைசியில் கேட்டவரே விடையையும் கொடுத்தார்: 3. கேட்டவர், பட்டம் எதுவும் பெறாத ஸ்ரீநிவாஸ ராமானுஜன்.

பின்னர் 1914 ஜனவரியில் இந்திய விஞ்ஞான காங்கிரஸ் கல்கத்தாவில் கூடியது. அதை நிறுவிய இருவரில் ஒருவரான ஸைமன்ஸன், நமது சென்னை ராஜதானிக் கல்லூரியில் ரசாயன ஆசிரியர். அஷுதோஷ் முகர்ஜி அக்கிராசனம் வகிக்க, 105 பேர் கூடி 35 கட்டுரைகளை விவாதித்தார்கள். அடுத்த வருஷமே அது சென்னைக்கு வந்தது. 1929-இல் மறுபடி சென்னையில் கூடியபோது தலைவர் ஸர் சி. வி. ராமன்.

ராமனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ராஜதானிக் கல்லூரி மாணவராயிருக்கையிலேயே, 1906-இல், அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இங்கிலாந்தில் வெளிவந்துவிட்டது. அவர் பெயரால் வழங்கும் ஒளி விளைவைக் கல்கத்தாவில் கண்டது 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி. மார்ச் 16-ஆம் தேதியே பெங்களூரில் தென்னிந்திய விஞ்ஞான சங்கத்தின் ஆரம்பக் கூட்டத்தில் அதை விவரித்துப் பிரசங்கம் செய்தார். மூன்று வாரம்கூட ஆகாத ஒரு கண்டுபிடிப்பைச் சகாக்கள் முன்னிலையில் வைத்தார் என்றால், அக்காலத்துச் சங்கங்களுக்கு இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

கேள்வி குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே விஞ்ஞான காங்கிரஸே சாட்சி. 2015-இல் மும்பாயில் கூடியபோது, வேத காலத்து ஆகாய விமானங்களைப் பற்றி அங்கே ஒரு கட்டுரை படிக்கப்பட்டது! நாகபுரியில் 2023-இல் கூடியபின், மத்திய சர்க்காரின் விஞ்ஞான இலாகாவுக்கும் சங்கத்துக்கும் பிணக்கு முற்றி, 2024 ஜனவரியில் கூட்டமே நடைபெறவில்லை. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓர் ஆலமரம் இப்படி வாடுவதைப் பார்க்க நமக்கு வருத்தமாயிருக்கிறது.

பெரியவர்கள் கதை இருக்கட்டும். சிறுவர்களுக்காக 1993-இல் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் விஞ்ஞான மகாநாட்டின் ஏற்பாடு மிக நல்லது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்னை ஒன்றை எடுத்துக்கொண்டு, தாங்களே சென்று அளந்து, கணக்கெடுத்து எழுத வேண்டும். அன்றாடம் செய்ததைப் பதிந்த குறிப்பேட்டையும் காட்ட வேண்டும். கடையில் வாங்கிய மாதிரிப் பொம்மைக்கு அங்கே இடமில்லை. மாவட்டம், மாநிலம் என்று படியேறித் தேசிய மகாநாட்டுக்குப் போகலாம்.

ஊர்ப் பிரச்னைக்கு மேற்குச் சென்னையில் குறைவா? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் அருகே கொரட்டூர் ஏரி இருக்கிறது. அதில் கழிவுநீர் கலக்கும் வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. பூவிருந்தவல்லிக்கு அப்பால் 364.5 கோடி கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பர் ஆரம்பத்தில் அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டதை அக்கரையோரத்துக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. எவ்வளவு மழை பெய்தது, எவ்வளவு நீர் வந்தது, எப்போது திறந்திருக்க வேண்டும் என்று எத்தனை நாள் வாதாடினார்கள்! அந்த வாதம் முழுவதும் எண்களைப் பற்றியது.

ஓர் எண்ணைக் கேள்வி எப்படிப் புடம் போடுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் கற்பனை செய்வோம். ஒரு மாணவி ஏரி நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அளந்து, “நிறைய இருக்கிறது, ஏரி சுத்தமாக இருக்கிறது” என்று கட்டுரை படிக்கிறாள். “அம்மா, நீ எத்தனை மணிக்கு அளந்தாய்?” என்று ஒரு பெரியவர் கேட்கிறார். “பள்ளி விட்ட பிறகு, 4 மணிக்கு, ஐயா.” அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். சாக்கடை கலந்து பாசி மண்டிய நீரில், பகலெல்லாம் பாசி வெயிலை உண்டு பிராணவாயுவை வெளிவிடுகிறது. ஆகவே பிற்பகலில் அது மிகுந்து காணும். இரவில் அதே பாசியும் மற்ற உயிர்களும் அதைச் செலவழித்துவிடும். விடியுமுன் மீன்கள் மூச்சுத் திணறி மேலே வந்து வாயைப் பிளக்கும். 4 மணி எண்ணும் உண்மை, விடியற்கால எண்ணும் உண்மை. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு ஏரிக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிடலாகாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்க அரை நிமிஷம் போதும். அதன்பின் அந்தப் பெண் அதிகாலையில் ஏரிக்கரைக்குப் போய் நிற்பாள்.

பாஷையும் இதில் சம்பந்தப்பட்டது. அக்குழந்தைகள் மகாநாட்டில் தாய்மொழியிலேயே கட்டுரை அளிக்கலாம். கல்லூரிகளின் மாணவர் மகாநாடுகளிலோ, தமிழ்ப் பிள்ளை தமிழ் ஏரியைப் பற்றித் தமிழ்ச் சபையில் இங்கிலீஷில் ஒப்பிக்கிறான். உலகத்து அறிஞர்களோடு உறவாட இங்கிலீஷ் வேண்டியதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சி தமிழில் இருந்தால், பின்வரிசையில் இருக்கும் பாட்டியும் வாய் திறப்பாள்: “நீ நீர் எடுத்தது வரத்து வாய்க்கால் பக்கமா, கலங்கல் பக்கமா, கண்ணு?” வாய்க்கால் வந்து விழும் இடத்து நீரும் வழிந்தோடும் இடத்து நீரும் ஒன்றாயிராது என்பது, ஏரிக்கரையில் வாழ்ந்த அவளுக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும்.

கூட்டம் நடத்துவோருக்கு நமது யோசனை ஒன்றுதான். பத்து நிமிஷம் கட்டுரை என்றால் பத்து நிமிஷம் கேள்வி என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடலாம். பொன்னாடைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

பெற்றோர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு தகர டப்பாவை மொட்டை மாடியில், சுவரும் மரமும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே எத்தனை மில்லிமீட்டர் நீர் நிற்கிறதென்று அடிக்கோலால் அளந்து எழுதச் சொல்லலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். மாடி 100 சதுர மீட்டர் இருந்து, 10 மில்லிமீட்டர் பெய்தால், அன்று அந்த ஒரு வீட்டின்மேல் விழுந்தது 1,000 லிட்டர். அந்த நீர் எங்கே போயிற்று என்று குழந்தையைக் கேளுங்கள்.