மேசைமேல் காத்திருக்கும் கிருமி



மருந்து உண்டும் நோய் தணியாதபோது, "உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். பழகியது உடம்பன்று, அதனுள் இருக்கும் நுண்கிருமியே. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒரு சில, இயற்கையாகவே சற்று மாறுபட்டு மருந்தைத் தாங்கி நிற்கும். ஏனையவை மடிந்தபின் இவையே பெருகும்.

1928-இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் ஆற்றிய நோபெல் பரிசு உரையிலேயே, அளவு குறைத்து மருந்துண்டால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகும் என எச்சரித்தார். அவ்வாறே நிகழ்ந்தது. பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸை அடக்க 1959-இல் மெதிசிலின் வந்தது. 1961-இல் அதனையும் எதிர்க்கும் கிருமியைப் பற்றிய செய்தி இங்கிலாந்திலிருந்து வெளியாயிற்று.

இத்தகைய கிருமிகள் ஆஸ்பத்திரியின் சோதனைச்சாலைக்குச் சளியோடும் சீழோடும் இரத்தத்தோடும் வந்து சேர்கின்றன. எம்மருந்துக்கு அவை அடங்கும் என்று அறியும்பொருட்டு அங்கே வளர்க்கவும்படுகின்றன. அவற்றைத் தொட்ட கையுறையோடு ஒருவர் தொலைபேசியையோ குளிர்ப்பெட்டியின் கைப்பிடியையோ தொட்டால், கிருமி அங்கே தங்கிவிடும். உலர்ந்த இடத்தில் அது உடனே மடியும் என்று எண்ணலாகாது. ஸ்டாபிலோகாக்கஸ், அசினிட்டோபாக்டர் முதலியவை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கிலும், உயிர்த்திருக்கும். அடுத்துத் தொடும் வெறுங்கை அதனை நோயாளியின் புண்வரை கொண்டு செல்லக்கூடும்.

எனினும் நாம் அஞ்சி ஒடுங்க வேண்டுவதில்லை. மருந்தை வென்ற கிருமி, கிருமிநாசினியையும் வென்றுவிடும் என்பதில்லை. பெனிசிலின், கிருமி தன் சுவரைக் கட்டும் ஒரு வேலையைத்தான் தடுக்கிறது. 70 விழுக்காட்டு ஆல்கஹாலோ அதன் புரதங்களையும் உறையையும் ஒருங்கே சிதைக்கிறது. நீர் கலவாத ஆல்கஹாலுக்கு அவ்வளவு ஆற்றல் இல்லை. புரதம் சிதைவதற்கு நீரும் துணை செய்கிறது. ஆனால் முதலில் அழுக்கை நீக்கல் வேண்டும். பின்னர், குறித்த நேரம்வரை அவ்விடம் ஈரமாகவே இருத்தல் வேண்டும். அவசரமாகத் துடைத்துவிட்டுப் போவதால் பயனில்லை.

உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவோ சோதனைச்சாலைப் பணியாளராகவோ விளங்குவீர்கள். புதிய மருந்தொன்றைக் கண்டு வழங்க ஆண்டுகள் பலவாகும். கையுறையைக் கழற்றிக் கை கழுவ ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நீங்கள் மறந்தால், துன்புறுபவர் நீங்கள் ஒருநாளும் கண்டறியாத ஒரு நோயாளியாக இருக்கலாம். இதனை மறவாதிருக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.