ஹெட்லைட் ஏன் மஞ்சளாகிறது?

பழைய புல்லட்டின் ஹெட்லைட் எத்தனை வருடம் வெயிலில் நின்றாலும் மஞ்சளாகாது. அது நிஜக் கண்ணாடி. இன்றைய பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். எடை குறைவு, கல் பட்டாலும் எளிதில் உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. அறுந்த இடங்களில் ஆக்சிஜன் சேர்ந்து, நீல ஒளியை விழுங்கும் சேர்மங்கள் உருவாகின்றன. நீலம் குறைந்த வெள்ளை ஒளி மஞ்சளாகத்தானே தெரியும்? இதைத் தடுக்கவே தொழிற்சாலையில் மெல்லிய பூச்சு ஒன்று தருகிறார்கள். புழுதியோடு உலர்துணியால் தேய்த்தால் முதலில் போவது அதுதான். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத் துடையுங்கள்.

பல்பை மாற்றவோ மஞ்சளை நீக்கவோ வட்ட ஹெட்லைட்டைக் கழற்ற வேண்டுமானால், வளையத்தின் அடியிலோ பக்கத்திலோ ஸ்க்ரூ இருக்கும். மெதுவாக இழுங்கள், பின்னால் வயர் இருக்கிறது. வயரின் முனையிலுள்ள கப்ளரைப் பிடித்தே உருவ வேண்டும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

மஞ்சளை நீக்க 800, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரை வரிசையாக நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போடலாம். பலர் நம்பும் பற்பசை வைத்தியமும் மென்மையான தேய்ப்புதான், மந்திரமல்ல. தேய்த்தபின் புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்காவிட்டால் மஞ்சள் முன்னைவிட வேகமாகத் திரும்பும். பெட்ரோல், தின்னர் கிட்டவே வேண்டாம். பாலிகார்பனேட்டில் நுண்விரிசல் விழும்.