பூனையின் தட்டில் எவ்வளவு மாச்சத்து?

கடந்த வருடம் மாரி தொடங்கிய நாட்களில் ஒரு காலை, கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டுக் குசினியில் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சீனிப் போத்தல் இறுக்கமாக மூடித்தான் இருந்தது. முந்தைய இரவு எங்கள் பூனை மணியன் கதவடியில் பெய்திருந்த சிறுநீரைத் தேடித்தான் அவை போயின. அம்மா பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர். எறும்புகளைப் பார்த்துவிட்டு, "இவனுக்கும் சீனி வருத்தம் போலதான் கிடக்கு" என்றார். நான் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து மிருக வைத்தியர் மணியனின் காது நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சிறுநீரையும் சோதித்துவிட்டு, அம்மா சொன்னதையே சொன்னார்.

திரும்பிப் பார்த்தால் அறிகுறிகள் எல்லாம் எங்கள் கண் முன்னால்தான் இருந்தன. பூஞ்செடித் தட்டில் தேங்கிய தண்ணீரைக்கூட அவன் விடாமல் நக்கிக் குடித்தான். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தான். பின்னங்கால்களை நுனிவிரலில் ஊன்றாமல் குதிக்கால் நிலத்தில் படும்படி வைத்து நடந்தான். நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்ட பூனைகள் அப்படித்தான் நடக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வயது பத்து, கருத்தடை செய்யப்பட்ட கடுவன், வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவன், ஒரு காலத்தில் கிட்டத்தட்ட ஏழு கிலோ. பூனைகளுக்கு நீரிழிவு வரும் ஆபத்தைக் கூட்டும் காரணங்கள் எல்லாமே அவனிடம் இருந்தன.

வைத்தியர் இன்சுலின் எழுதினார். கூடவே, "என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேடத் தொடங்கியதில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

பூனை ஏன் வேறு?

நாய் மனிதரோடு சேர்ந்து சோறு, பாண் எல்லாம் தின்னப் பழகிய விலங்கு. பூனை அப்படியல்ல. அது இறைச்சியைத் தின்றே வாழவேண்டிய உடல். அதன் உமிழ்நீரில் மாச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதியம் இல்லை. சதையியிலும் குடலிலும் அது குறைவாகவே உள்ளது. உணவிலிருந்து திடீரெனப் பெருமளவில் வரும் குளுக்கோசைக் கையாளும் ஆற்றல் அதன் ஈரலுக்குக் குறைவு. தனக்குத் தேவையான குளுக்கோசைப் பூனை பெரும்பாலும் புரதத்திலிருந்து தானே ஆக்கிக்கொள்ளும். இனிப்புச் சுவையைக்கூட அதனால் உணர முடியாது. அதற்கான மரபணுக்களில் ஒன்று பூனையில் செயலிழந்து கிடப்பதை ஆய்வாளர்கள் 2005 இல் வெளியிட்டார்கள்.

எலி, பல்லி, குருவி என்று வேட்டையாடித் தின்னும் பூனைகளின் உணவை ஆராய்ந்தவர்கள், அவற்றின் சக்தியில் பாதிக்கு மேல் புரதத்திலிருந்தும், மீதியில் பெரும்பகுதி கொழுப்பிலிருந்தும் வருவதாகக் கணித்திருக்கிறார்கள். மாச்சத்தின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே.

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. மணியனின் கிண்ணத்தில் பிஸ்கற் போன்ற உலர் உணவு எந்நேரமும் நிரம்பியிருக்கும். 2022 இல் ரூபாய் வீழ்ந்தபோது இறக்குமதிப் பைக்கற்றின் விலை எங்களுக்கு எட்டாமல் போனது. அப்போது மீன் தலை போட்டுப் பிசைந்த சோற்றுக்கு மாறினோம். விலை கொஞ்சம் கைக்கு எட்டியதும் மறுபடி பைக்கற். இரண்டிலும் மாச்சத்துத்தான் நிறைந்திருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மாச்சத்து மட்டுமே பூனைக்கு நீரிழிவைக் கொண்டுவருகிறது என்று நிறுவப்படவில்லை. உடற்பருமன்தான் முதன்மையான ஆபத்து. நல்ல உடல்நிலையில் உள்ள பூனை, சமைத்த மாச்சத்தை ஓரளவு செரித்துக்கொள்ளும். ஆனால் நீரிழிவு வந்த பூனைக்கு மாச்சத்துக் குறைந்த உணவு கொடுத்தால் இரத்தச் சர்க்கரை எளிதாகக் கட்டுப்படும். சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலையும் வரும். அத்தகைய பூனைக்கு, மொத்தச் சக்தியில் மாச்சத்து ஏறத்தாழ 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பதே மிருக வைத்தியத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவு.

பைக்கற்றின் பின்புறம்

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான பைக்கற்றுகளில் மாச்சத்தின் அளவு அச்சிடப்பட்டிருக்காது. புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரப்பதன் ஆகியவைதான் இருக்கும். இவற்றைக் கூட்டி 100 இலிருந்து கழித்தால் மிஞ்சுவதே மாச்சத்து. சாம்பல் குறிப்பிடப்படாவிட்டால் உலர் உணவுக்கு 7 அல்லது 8, ரின் உணவுக்கு 2 என்று வைத்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு ஓர் உலர் உணவு: புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, சாம்பல் 8, ஈரப்பதன் 10. கூட்டினால் 66. மாச்சத்து 34.

அடுத்து, இதைச் சக்தியாக மாற்றவேண்டும். செல்லப்பிராணி உணவில் ஒரு கிராம் புரதத்துக்கும் ஒரு கிராம் மாச்சத்துக்கும் 3.5 கிலோகலோரி, ஒரு கிராம் கொழுப்புக்கு 8.5 என்று கணக்கிடுவது வழக்கம். மேலே சொன்ன உணவில் புரதம் 112, கொழுப்பு 102, மாச்சத்து 119, மொத்தம் 333. ஆக, சக்தியில் ஏறத்தாழ 36 சதவீதம் மாச்சத்து.

இப்போது ஒரு ரின் உணவு: புரதம் 10, கொழுப்பு 5, நார் 1, சாம்பல் 2, ஈரப்பதன் 80. மிஞ்சுவது 2. சக்தியில் அது 8 சதவீதம்தான்.

ஆனால் எல்லா ரின்னும் ஒன்றல்ல. குழம்பில் மிதக்கும் துண்டுகளாக வரும் ஒன்றை எடுப்போம்: புரதம் 8, கொழுப்பு 3, நார் 0.5, சாம்பல் 2, ஈரப்பதன் 80. மாச்சத்து 6.5. சிறிய எண் போலத் தெரிகிறது. சக்திக் கணக்கில் அது 30 சதவீதம். அந்தக் குழம்பைத் தடிப்பாக்குவது மா. அதனால் ஈர உணவு வாங்கும்போது குழம்பு வகையைவிட, அரைத்த இறைச்சிக் கூழ் வகை பெரும்பாலும் நல்லது.

"தானியம் சேராதது" என்ற வாசகத்திலும் ஏமாறவேண்டாம். அரிசிக்கும் சோளத்துக்கும் பதிலாக உருளைக்கிழங்கும் பட்டாணியும் சேர்த்திருப்பார்கள். உலர் உணவு பிஸ்கற்றாக உருப்பெறுவதற்கே ஏதாவதொரு மா வேண்டும்.

மீனும் கோழியும் மட்டும் போதுமா?

"அப்படியென்றால் சோற்றை நிப்பாட்டி மீனை மட்டும் போடுவம்" என்றார் அம்மா. எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆனால் மாச்சத்தைக் குறைப்பது வேறு, நிறைவான உணவு கொடுப்பது வேறு.

பூனைக்கு டோரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைக்கவேண்டும். அது குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். வணிகப் பூனை உணவில்கூட டோரின் போதாமல் இதயத் தசை பலவீனமடைந்தது 1987 இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதன் பின்னரே தயாரிப்பாளர்கள் அதன் அளவைக் கூட்டினார்கள். கோழி இதயத்தில் டோரின் நிறைய உண்டு. அவித்தால் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும், ஆகவே அந்தத் தண்ணீரை ஊற்றிவிடக்கூடாது.

சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் அவற்றிலுள்ள நொதியம் விற்றமின் பி1 ஐ அழித்துவிடும். அவித்துக் கொடுப்பதே பாதுகாப்பு. ஈரலை அளவுக்கு மீறிக் கொடுத்தால் விற்றமின் ஏ கூடி எலும்பைப் பாதிக்கும். முள்ளும் எலும்பும் நீக்கிய இறைச்சியில் கல்சியம் போதாது. கருவாட்டில் உப்பு அதிகம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும் என்பதால் கறிச்சட்டியில் மிஞ்சியதைப் போடவே கூடாது.

எனவே நாங்கள் கண்ட நடுவழி இதுதான். நாளாந்த உணவில் பெரும்பகுதி, "முழுமையான உணவு" என்று குறிப்பிடப்பட்ட, மாச்சத்துக் குறைந்த ரின். அவித்த கோழி அல்லது மீன், உப்பும் தூளும் இல்லாமல், இடையிடையே சிறிதளவு. அளவும் முக்கியம். வீட்டுக்குள் வாழும் நாலு கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி போதும். உலர் உணவு என்றால் அது 60 கிராம் அளவுதான். நாங்கள் அவனுக்கு எவ்வளவு போட்டோம் என்று கணக்கே வைத்திருக்கவில்லை.

நான் செய்த பிழை

இவ்வளவையும் வாசித்து அறிந்த உற்சாகத்தில், வைத்தியரிடம் கேட்காமல் ஒரே நாளில் மணியனின் உணவை மாற்றினேன். இன்சுலினின் அளவு மாறவில்லை. மூன்றாம் நாள் இரவு அவன் தள்ளாடி நடந்தான். பிறகு சுவரோடு சாய்ந்து நடுங்கினான். அம்மாவின் குளுக்கோமீற்றரில் பார்த்தபோது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. அம்மாதான் பதறாமல் சீனித் தண்ணீரை விரலில் தொட்டு அவன் முரசில் தடவினார். அரை மணி நேரத்தில் தலை தூக்கினான். காலையில் வைத்தியர் என்னைக் கடிந்துகொண்டது முற்றிலும் நியாயம்.

இன்சுலின் எடுக்கும் பூனைக்கு மாச்சத்தைக் குறைத்தால் இன்சுலினையும் குறைக்கவேண்டி வரலாம். அந்த இரண்டையும் வைத்தியரே சேர்த்துத் தீர்மானிக்கவேண்டும். சிறுநீரக நோயுள்ள பூனைக்குப் புரதமும் பொசுபரசும் கூடிய உணவு பொருந்தாமல் போகலாம். வயதான பூனையென்றால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நோயில்லாத பூனைக்கும் ஏழு முதல் பத்து நாட்களில், பழையதோடு புதியதைக் கலந்து மெதுவாக மாற்றுங்கள். "பசித்தால் தின்னும்" என்று பட்டினி போடாதீர்கள். பருமனான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

மணியனுக்கு நாலு மாதத்தின் பின் இன்சுலின் நிறுத்தப்பட்டது. நோய் திரும்பி வரலாம் என்று வைத்தியர் எச்சரித்திருக்கிறார். கிழமைக்கு ஒருமுறை காதில் குத்திச் சர்க்கரை பார்க்கிறோம். குதிக்கால் இப்போது நிலத்தில் படுவதில்லை. மதிலில் மறுபடி ஏறுகிறான். செலவு குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊசி, இன்சுலின், வைத்தியரிடம் போய்வரும் ஓட்டோக் காசு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ரின் மலிவுதான்.

உங்கள் வீட்டுப் பூனை திடீரென நிறையத் தண்ணீர் குடித்தால், பெய்த இடத்தில் எறும்பு மொய்த்தால், என்னைப் போலச் சிரித்துவிட்டு இருக்காதீர்கள். அது தின்னும் பைக்கற்றின் பின்புறத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள மிருக வைத்தியரிடம் பூனையையும் கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்கு அந்தப் படமே பதில் சொல்லும்.