டிராக்டர் செல்ப் எடுக்கவில்லையா? மீட்டர் வைத்துப் பாருங்கள்



நாற்றுப் பறித்துப் போட்டாயிற்று. தொழி உழவுக்கு டிராக்டரைக் கிளப்பினால் முனகிவிட்டு நின்றுவிடுகிறது. உடனே "பேட்டரி போச்சு" என்பார்கள். எங்கள் வட்டார விவசாயி ஒருவர் அப்படித்தான் கடன் வாங்கிப் புது பேட்டரி மாட்டினார். இரண்டே வாரத்தில் அதுவும் படுத்துவிட்டது. போய்ப் பார்த்தால், ஆல்டர்னேட்டர் பெல்ட் தொய்ந்து கிடக்கிறது! பேட்டரி என்பது குதிர் மாதிரிங்க. கொட்டாமல் அள்ளிக்கொண்டே இருந்தால் எந்தக் குதிர்தான் காலியாகாது? கொட்டுகிற வேலை ஆல்டர்னேட்டருடையது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். இராத்திரி நிறுத்திய வண்டியில், காலையில் கிளப்புமுன், சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வைத்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இறங்கிவிட்டது.

அடுத்து, வேறு பேட்டரி கொடுத்தாவது எஞ்சினைக் கிளப்பி, பிறகு அதைக் கழற்றிவிட்டு, சற்று வேகம் கூட்டி அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் நல்லது. காலியான பேட்டரியானால் கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கினால் இறுக்க வேண்டும்.

பெல்ட் சரியா? மறுபடி கிளப்பி, சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் முடுக்கிய இடத்தில் வையுங்கள். துண்டை மட்டும் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், பெல்ட் இழுத்துவிடும். அங்கே 14, பேட்டரியில் 13 என்றால் மின்சாரம் வழியில் விரயமாகிறது. பெரும்பாலும் டெர்மினலில் பூத்த உப்புதான். எஞ்சினை நிறுத்தி, மைனஸை முதலில் கழற்றி, ஆப்பச் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, வாசலைன் தடவுங்கள். அந்த நீர் பேட்டரிக்குள் போய்விடக் கூடாது. எர்த் ஒயரையும் இப்படியே பாருங்கள். ஆல்டர்னேட்டரிலேயே குறைவென்றால் கார்பனோ ரெகுலேட்டரோ டயோடோ போயிருக்கும், எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

15 வோல்ட்டுக்கு மேலே போனாலும் ஆபத்துதான். அடிக்கடி தண்ணீர் வற்றுகிறதே என்று டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் இதை அளந்து பார்க்கட்டும். ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம்.

வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி சோதிப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட் எகிறி டயோடு கருகிவிடும். பேட்டரி பக்கத்தில் பீடியும் வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு தீப்பிடித்து வெடிக்கக்கூடியது.