தாளக் கருவிகளின் விளையாட்டு

ஆனேக்கல் வட்டத்து அத்திப்பள்ளியைக் கடந்தால் ஓசூர். தமிழகம் அங்கே தொடங்கிவிடுகிறது. எல்லை இத்துணை அருகிலிருந்தும், இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் தமிழெழுத்து அறியாமலே வளரும் பிள்ளைகள் உண்டு. கீர்த்தனையின் பொருள் அவர்களுக்கு எட்டுவதில்லை. ஆயினும் "த தி தொம் நம்" என்னும் சொற்கட்டுக்கு அகராதி எதற்கு? கன்னடப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் அது ஒன்றே அன்றோ!

இத்தகைய சொற்கட்டுகளையே பொருளாகக் கொண்டது தாளவாத்தியக் கச்சேரி. பெங்களூரில் 1964-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரி இக்கலையைக் கடல் கடந்தும் கொண்டு சென்றது. மிருதங்க வித்துவான் டி.ஏ.எஸ். மணி தலைமையில் அக்குழு, 1983-இல் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் சேர்ந்து "ஜோதி" என்னும் இசைத்தட்டை ஜெர்மனியில் பதிவு செய்தது. ஆர்.ஏ. ராமமணியின் குரலும் அதில் உண்டு.

கச்சேரி மேடையில் பின்வரிசையிலே அமரும் கருவிகளை இங்கே அருகிருந்து கேட்கலாம். கடம் சுட்ட மண்பானை; மானாமதுரைக் கடம் பெயர் பெற்றது. சூளையில் வெந்த பின் அதன் சுருதியைப் பெரிதும் மாற்ற இயலாது. ஆதலால் வித்துவான்கள் பல கடங்களை வைத்திருப்பர். பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் வாசித்தால் ஒலியின் கனம் மாறும். கஞ்சிராவோ அளவில் சிறியது. தோலின் உட்புறத்தில் நீர் தெளித்தால் அச்சிறு கருவி ஆழ்ந்து முழங்கும். முன்னாளில் அதற்கு உடும்புத் தோல் போர்த்தினர். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் ஆட்டுத்தோலும் வழக்கிற்கு வந்தது. மோர்சிங் பல்லோடு பொருத்தி விரலால் மீட்டும் இரும்புக் கருவி. வாசிப்பவரின் வாயே அதன் குடம்.

விளையாட்டு குறைப்பில்தான் களைகட்டுகிறது. மிருதங்கம் இரண்டு ஆவர்த்தனம் வாசித்துக் கேள்வி எழுப்பும். கடம் அதே அளவில் விடை தரும். கஞ்சிரா குறும்பாக ஒன்றைத் திரித்துச் சொல்லும். பின்னர் ஓர் ஆவர்த்தனம், அரை, கால் எனப் பேச்சு சுருங்கி, இறுதியில் எல்லாக் கருவிகளும் ஒன்றாக மோகராவும் கோர்வையும் வாசித்து முடிக்கும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்து செல்லும் இரசிகர்கள் இழப்பது இதனையே.

பிள்ளைகளை அருகிலமர்த்தி, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையால் போடச் செய்யுங்கள். கேள்வி எங்கே முடிகிறது, விடை எங்கே தொடங்குகிறது என்பதை இரண்டாம் முறை கேட்கும்போது அவர்களே சுட்டிக்காட்டுவர்.