வளையைப் பார்த்து வைக்கும் பொறி

சென்னையை அடுத்த நாவலூரில் இன்று சாலையோரம் கண்ணில் படுவதெல்லாம் ஐ.டி. கட்டடங்கள். அதே சாலையில் தெற்கே திருப்போரூர் பக்கம் போனால் இன்னும் நெல்வயல் இருக்கிறது; கதிரை அறுத்து வளைக்குள் பதுக்கும் எலியும் இருக்கிறது. அதைப் பிடிப்பதில் இந்த வட்டாரத்து இருளர் பழங்குடியினருக்கு நிகரான கைகாரர்கள் அரிது.

வரப்பில் தெரியும் எல்லா வளையிலும் எலி இராது. வாயில் புதுமண் குவிந்திருந்தால் உள்ளே எலி உண்டு. சிலந்தி வலை கட்டியிருந்தால் அது கைவிட்ட வளை. எலியைத் தேடி நல்லபாம்பும் புகுந்திருக்கலாம் என்பதால் கையை விடுமுன் கடப்பாரையால் தோண்டிப் பார்க்கிறார்கள். இந்தக் கூர்மைதான் பாம்பு பிடிப்பதிலும் அவர்களுக்குக் கைகொடுத்தது. பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்ட பின், 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வடநெம்மேலியில் இயங்கும் அந்தச் சங்கம் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருகிறது. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

எலி பிடிப்பவருக்கும் ஆபத்து உண்டு. பானையில் வைக்கோலைக் கொளுத்தி, அடியிலுள்ள துளையில் வாய் வைத்து வளைக்குள் புகை ஊதுவது பழைய முறை. உதடும் கையும் சுட்டுப்போகும், நெஞ்சு புகையால் கெடும். கையால் சுழற்றும் எஃகுக் கருவி அதற்கு மாற்றாக வந்தது. அந்தக் கருவியைப் பரப்பும் திட்டத்துக்கு 2003இல் உலக வங்கியின் பரிசும் கிடைத்தது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும். காலில் புண்ணோடு வயலில் இறங்கவே கூடாது.

காவிரி டெல்டாவில் எலிக்கு வைக்கும் பொறி தஞ்சாவூர் கிட்டி. வில்லாக வளைத்த மூங்கிலில் சுருக்கு. இரையைக் கடிக்க எலி தலையை நீட்டியதும் கழுத்தை இறுக்கிவிடும். எலி நடமாடும் தடத்தில் வைத்தால்தான் பலன். மாலையில் நட்டு, விடிந்ததும் ஒன்று விடாமல் எண்ணி எடுக்க வேண்டும். விஷத்தைத் தின்ற எலியை ஆந்தை தின்றால் ஆந்தைக்கும் ஆபத்து. கிட்டியில் அந்தப் பயமில்லை.

காட்டுப்பன்றிக்கென்று கட்டும் கம்பிக் கண்ணி வேறு கதை. யார் வந்தாலும் இறுக்கும். இலங்கையின் நல்லதண்ணியில் 2020 மே மாதம் அப்படிச் சிக்கியது அபூர்வமான கருஞ்சிறுத்தை. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாளில் இறந்தது. இந்தியாவில் அனுமதியின்றி வனவிலங்குக்குக் கண்ணி வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக் குற்றம். வயலோரம் கம்பிச் சுருக்கைக் கண்டால் வனத்துறைக்கு உடனே சொல்லிவிட வேண்டும்.